இரண்டு கேள்விக்கும் வெள்ளைப் பூ

பாரஸ்ட்டில் வேலை என்று சொன்னால் எல்லோரும் உடனே யானையைத்தான் கேட்பார்கள். துடியலூரில் என் பக்கத்து வீட்டு அம்மா, நான் ஸ்கூட்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "இன்னைக்கு யானை வந்துதுங்களா?" என்றுதான் பேச்சை எடுப்பார். காரமடைப் பக்கம் வேலை பார்த்த வருஷங்களில் அதற்கு என்னிடம் ஏதாவது ஒரு பதில் இருக்கும். அப்புறம் என்னைக் கிழக்கே மாற்றிவிட்டார்கள். அவிநாசிக்கு வடக்கே, மலை தூரத்தில் ஒரு மங்கல் கோடாக மட்டும் தெரிகிற வறண்ட சமவெளி. மரம்கூட அங்கே ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்ட மாதிரி தள்ளித் தள்ளித்தான் நிற்கும்.

"அப்பறம் அங்க என்னத்தைங்க காக்கறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்விதான். போய்ச் சேர்ந்த புதிதில் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. மலைக்காட்டில் எல்லைக் கல் இருக்கும். கல்லுக்கு உள்ளே என்றால் எங்கள் பொறுப்பு. இங்கே கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மயிலும் உடும்பும் மானும் அவர்கள் நிலத்தில்தான் குடியிருக்கின்றன. பட்டா அவர்களுக்கு, பிராணி எனக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆகையால் இங்கே என் வேலையில் பாதி பேசுவது, மீதி கேட்டுக்கொள்வது.

பேச்சைக் கேட்பதில் எனக்குச் சலிப்பே கிடையாது. பிளஸ் டூவுக்கு மேல் நான் படித்ததெல்லாம் இப்படி வழியில் நின்று கேட்டதுதான். மயில் வந்து கடலைக்காயைக் கொத்திவிட்டது என்று புகார் சொல்ல வந்த ஒரு பெரியவர், என்னைக் கடலைக்காட்டுக்குள் கூட்டிப்போய்க் காண்பித்துவிட்டுச் சொன்னார்: "முருகனுக்கு ஒரு வார்த்தை சொல்லி உடுங்க அம்மணி. வண்டியை எங்க காட்டுல நிறுத்திப்போட்டு அவரு பாட்டுக்கு மலை மேல ஏறி உக்காந்துக்கறாரு." டீக்கடை வைத்திருக்கிற ஓர் அக்கா, அடுப்படிக்குள் நல்ல பாம்பு வந்ததைச் சொன்ன விதமும் மறக்கவில்லை. "அது என்னையப் பாத்துது, நான் அதையப் பாத்தேன். ரெண்டு பேர்த்துக்கும் பேச்சு வரலீங்க. கடைசில அதுதான் மருவாதையா எறங்கிப் போச்சு." இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் வெயிலில் சுற்றலாம்.

இப்போது நான் சொல்ல வந்தது ஒரு கொறங்காட்டைப் பற்றி.

கொறங்காடு என்பது உழாமல், விதைக்காமல், புல்லுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலியாக நெருங்கி வளர்ந்திருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கு வெள்வேல மரம். செம்மறியை உள்ளே விட்டுக் கடவை, அதாவது வேலியில் விட்டிருக்கிற வாசலை, அடைத்துவிட்டால் போதும். மேய்க்க ஆள் வேண்டாம். இராத்திரியும் ஆடு அங்கேயே படுத்துக்கொள்ளும். கூலிக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் பிழைப்பதே இந்த ஏற்பாட்டில்தான்.

நான் சொல்லுகிற கொறங்காடு ஊரின் வடக்குக் கடைசியில் இருக்கிறது. ஒரு கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் தெலுங்கு. நான் அவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு நான் அம்மணி.

அந்தக் கொறங்காட்டுக்கு மான் வரும். முதுகு கருத்து, வயிறு வெளுத்து, கொம்பு முறுக்கிக்கொண்ட கிடாய் ஒன்று. அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் பெட்டைகள். வெளிமான் என்று எங்கள் இலாகாவில் எழுதுவோம். ஊரில் வெறும் மான்தான். பார்ப்பதற்கு என்னவோ ஆளுயரம் தாண்டுகிற பிராணி மாதிரி இருக்கும். வேலி என்று வந்துவிட்டால் தாண்டாது. தலையைக் குனிந்து, கிளுவையின் அடியில் எங்கே சந்து இருக்கிறதோ அங்கே உடம்பை ஒடுக்கி நுழைந்துவிடும். பெட்டைகள் குட்டி போடுவதற்கு இந்த ஒரு நிலத்தைத்தான் வைத்திருந்தன. புல் குட்டியை மறைக்கிற அளவு உயரம், ஆள் நடமாட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் மற்ற கொறங்காடுகளில் பாதியை உழுது முருங்கை வைத்துவிட்டார்கள். மீதியில் சைட் போட்டு மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள். என் எல்லைக்குள் மான் குட்டி போடுகிற இடம் என்று கையைக் காட்ட எனக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அண்ணனுக்கு அந்தக் கிடாய் மேல் தனிப் பிரியம். சாயங்காலம் கடவுப் படலில் கையை ஊன்றிக்கொண்டு, "நம்ம கிடாயி இன்னைக்கு நேரமே வந்துட்டாப்ல" என்பார்.

அக்கா மாட்டில் பால் கறந்துகொண்டே குரல் கொடுப்பார். "ஏனுங், நம்ம கிடாயின்னு சொல்றீங்களே, ஒரு நாளாச்சும் அது சந்தைக்குப் போகுங்களா?"

ஆடுகள் அக்காவுடையவை. வாங்குவது, விற்பது, வைத்தியம் எல்லாம் அவர்தான். எந்த ஆடு எந்த ஆட்டின் பேத்தி என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவார். அண்ணனுக்குப் பம்புசெட்டும் தென்னையும். ஆட்டு விஷயத்தில் அவர் வாயே திறக்க மாட்டார்.

பைபாஸ் ஓரத்தில் கறிக்கடைகள் பெருகின பிறகு நாய்க்கூட்டம் வந்தது. கடைக்கழிவை மூட்டையாகக் கட்டி ஓடைக்கரையில் வீசுவார்கள். அதற்குப் பழகின நாய்கள், மூட்டை வராத நாளில் காட்டுப்பக்கம் திரும்பின. ஒரு நாள் காலையில் அக்கா கடவைத் திறக்கப் போயிருக்கிறார். சினை ஆடுகள் சில செத்துக் கிடந்திருக்கின்றன. நாய்கள் தின்னவும் இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன.

நான் போனபோது அக்கா வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிழைத்த ஒரு குட்டி அவர் மடியில் இருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும், "ராத்திரி கத்தியிருக்குமுங்க அம்மணி. நான் பேன் சத்தத்துல தூங்கிட்டிருந்திருக்கறேன்" என்றார்.

அடுத்த வாரமே, அக்கா வரச்சொல்லி, வலைக்கம்பி போடுகிறவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்துவிட்டுப் போனார்கள். கிளுவையை வழித்து எடுத்துவிட்டு, கொறங்காட்டைச் சுற்றிக் கல் நட்டு, ஆளுயரத்துக்குக் கம்பி வலை போடுவதாக ஏற்பாடு. அடிப்பாகத்தை மண்ணுக்குள் புதைத்து கான்கிரீட். நாய் என்ன, எலிகூட நுழையாது.

அன்றைக்கே அண்ணன் எனக்குப் போன் செய்தார். குரல் சின்னதாக வந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று பேசுகிறார் என்று எனக்கே தெரிந்தது.

"அம்மணி, சித்த வந்துட்டுப் போறீங்களா? நான் கூப்புட்டேன்னு சொல்ல வேண்டாமுங்க. சும்மா இந்தப் பக்கம் வந்த மாதிரி வாங்க."

சும்மா வந்த மாதிரியே போனேன். அக்கா நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். இந்த நாற்காலியைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் அம்மா காரமடைப் பக்கம் தோட்டங்களுக்குக் களையெடுக்கப் போனவர். தோட்டத்து வீடுகளில் அவருக்கு நாற்காலி போட்டதாக நான் கண்டதில்லை. மோரைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு வருவார். அதனால் ஒவ்வொரு முறையும் உட்காரும்போது எனக்கு ஒரு கணம் அம்மா ஞாபகம் வரும். வந்துவிட்டுப் போய்விடும். அக்கா அதையெல்லாம் யோசித்துப் போடுகிறவர் இல்லை. நான் வந்தால் நாற்காலி, அவ்வளவுதான். அந்த யோசிக்காமைதான் எனக்குப் பிடித்திருந்தது.

"இவருதானுங்க கூப்புட்டாரு?" என்றார் அக்கா.

"இல்லீங்க அக்கா, சும்மா இந்தப் பக்கம்…"

"மோட்டார் ஓடலை, மோட்டார் ரூம்ல இவருக்கு என்னுங்க வேலை?"

அண்ணன் தென்னை மரத்தின் உச்சியைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் நேரடியாகவே பேசினேன். வலையை முழுசாகப் போட்டால் மான் வராது, குட்டி போட அதற்கு வேறு இடம் இல்லை என்றேன். அடிப்பாகத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் போட்டால் மானுக்கு வழி இருக்கும் என்றேன்.

"மான் நுழையற சந்துல நாய் நுழையாதுங்களா? நாய்க்கு நீங்க ட்ரெய்னிங் குடுப்பீங்களா?"

"ராத்திரிக்கு மட்டும் ஒரு பட்டி கட்டி ஆட்டை அடைச்சா?"

"தெனம் பொழுதோட ஆட்டை ஓட்டியாந்து அடைக்கறது ஆருங்க? எனக்குப் பால் நேரம். இவரு முட்டிக்கு இவரு நடக்கறதே பெருசு. மேய்க்க ஆள் இல்லைன்னுதானுங்க கொறங்காடு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மானைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்துக்கு வேலி போடக்கூடாது என்று சட்டம் இல்லை, இருக்கவும் கூடாது. மேலதிகாரியிடம் சொன்னேன். "பட்டா நிலம், பேசித்தான் பாக்கணும்" என்றார். பேசித்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நாள் வீட்டுக்குள் பேச்சு முற்றியிருக்கிறது. கல் நடுகிறவர்களை அண்ணன் ஏதோ சாக்கு சொல்லித் திருப்பி அனுப்ப, அக்கா மறுபடி வரச்சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கருப்பராயன் கோயிலில் சாமியிடம் பூ கேட்டுவிடுவது.

பூ கேட்பது எங்கள் பக்கம் சாதாரணம். கல்யாணம், கிணறு, வீடு, எதற்கும் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து சாமி முன்னால் வைத்துவிடுவது. கேட்கிறவர்கள் கண்ணை மூடி மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். விஷயம் தெரியாத ஒருவர் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. அந்தக் கோயிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு தடவை கேட்டதை அடுத்த கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் சாட்டும் வரைக்கும் திருப்பிக் கேட்கக்கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நானும் போனேன். யூனிபாரத்தில் போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். பூசாரி பொட்டலம் மடித்து வைத்தார். அண்ணனும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். எல்லாம் ஆயிற்று. எடுக்கத்தான் ஆள் இல்லை. விஷயம் தெரியாத ஆள் வேண்டுமே. அந்த ஊரில் இந்த வேலிச் சண்டை தெரியாதவர் ஒருத்தர்கூட இல்லை. பூசாரிக்குத் தெரியும், பால் சொசைட்டிக்குத் தெரியும், பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லில் பூண்டு வியாபாரி வந்தார். வண்டியில் கட்டின ஸ்பீக்கர், "மலைப்பூண்டு, மலைப்பூண்டு, வாங்க, பாருங்க, மலைப்பூண்டு" என்று அதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க பூண்டு, இங்க வாங்க" என்று பூசாரி கூப்பிட்டார்.

"எத்தனைங்க போடட்டும்?"

"ஒண்ணும் போட வேண்டாம். செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க."

அந்த மனுஷர் பயந்துவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே. தராசு சுத்தமான தராசுங்க." என் காக்கியைப் பார்த்ததும் இன்னும் பயந்தார். நான் சிரித்து, விவரம் சொல்லாமல் விவரம் சொல்லி, கையைக் கழுவ வைத்து உள்ளே அனுப்பினேன். ஸ்பீக்கரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவர் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெளியே, "வாங்க, பாருங்க" என்றது ஸ்பீக்கர். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. வலை போடலாமா என்றுதானே கேட்டிருப்பார்கள், சாமியே போடு என்று சொல்லிவிட்டது, இனிமேல் நான் என்ன பேச என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் அண்ணன் முகம் மலர்ந்து கிடக்கிறது. என் பக்கம் குனிந்து, "பாத்தீங்களா அம்மணி, கருப்பராயனுக்கே மான் மேல பிரியம்" என்றார்.

அக்கா திரும்பினார். "எந்த மானு?"

"எந்த மானா? மானுக்கு வழி உட்டுப்போடலாமான்னு கேட்டேன். வெள்ளை வந்துருச்சுல்ல?"

"நான் வலை போட்டுறலாமான்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் மலைப்பூண்டு மட்டும்தான் பேசியது.

பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆரு கேக்கறதுன்னு ஊட்டுலயே பேசிக்கிட்டு வரலீங்களா?"

"நான் இவர்கிட்ட 'நீங்களே கேளுங்க'ன்னு சொன்னனுங்க" என்றார் அக்கா. "பெரியவரு கேக்கட்டும்னு. பதிலே சொல்லலை, செரி, நம்மளே கேட்டுக்கலாம்னு…"

"நானும் 'நீயே கேளு, ஆடு உன்றதுதானே'ன்னு சொன்னேன்" என்றார் அண்ணன். "அவ ஒண்ணும் சொல்லாம வந்தா. செரி, நானும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்கலாம்னு…"

இதைத்தான் எங்கள் ஊர் மரியாதை என்று சொல்லுவேன். விட்டுக்கொடுக்கிறேன் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டு, இரண்டு பேருமே விடாமல் வந்திருக்கிறார்கள்.

"இப்ப எந்தக் கேள்விக்குங்க இந்தப் பூ?" என்று நான் பூசாரியைக் கேட்டேன்.

"ரெண்டுக்குந்தானுங்க" என்றார் அவர், சந்தேகமே இல்லாமல். "சாமிக்கு ரெண்டு பேரு கேட்டதும் காதுல உளுந்துருக்கும். ரெண்டுக்கும் சேத்துத்தான் குடுத்துருக்கும். அதுல ஒண்ணைத் தள்ளிப்போட்டு ஒண்ணை எடுத்துக்கறதுக்கு நீங்க ஆரு, நான் ஆரு? திருப்பிக் கேக்கவும் முடியாது."

பூண்டு வியாபாரி செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டுக்கும் செரின்னா ரெண்டையும் பண்ணிப்போடுங்க. நான் கெளம்பட்டுங்களா?" என்றார். அவரைச் சும்மா அனுப்ப மனசில்லாமல் அக்கா பூண்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலுக்கு வந்ததும் தெலுங்கு ஆரம்பித்தது. நான் மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெலுங்கு எனக்கு முழுசாகப் புரியாது. ஆனால் வலை, மான், முட்டி, நாய் எல்லாம் மாறி மாறி வந்தது தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து அக்கா, "சாலு" என்றார். போதும் என்று அர்த்தம். அது எனக்கும் புரிந்தது.

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குள் இறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். வீட்டுப் பக்கத்து மூலையில், தண்ணீர்த் தொட்டியையும் இரண்டு வெள்வேல மரத்தையும் சேர்த்து, குச்சியால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார்.

"வலை இதுக்குள்ள. கான்கிரீட்டும் இதுக்குள்ள. நான் வலை கேட்டேன், சாமி குடுத்துருச்சு. மிச்சக் காட்டுல கிளுவை அப்படியே கெடக்கட்டும். அது சாமி இவருக்குக் குடுத்தது."

"பொழுதோட ஆட்டை இதுக்குள்ள ஓட்டறது ஆரு?" என்றார் அண்ணன், மெதுவாக.

"மானு ஆருக்கு வேணுமோ அவிங்க." அக்கா முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் என்னையும் பார்த்தார்.

ஆக, வலை முடிந்த நாளிலிருந்து சாயங்காலம் ரவுண்டை அந்த வீட்டில் முடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். இலாகாவில் ஆடு ஓட்டப் பயிற்சி கொடுக்க மாட்டார்கள். கொடுக்கலாம். கம்பி பளபளவென்று இருந்ததாலோ என்னவோ, ஆடுகள் வாசல் வரைக்கும் வந்து, ஒன்று நின்றால் எல்லாம் நின்று, ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பி, மறுபடி காட்டுக் கோடிக்கு ஓடிவிடும். நான் காக்கிச் சட்டையோடு கையை விரித்துக்கொண்டு ஒரு பக்கம், அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம். ரோட்டில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்த பனியன் கம்பெனிப் பையன்களில் ஒருவன், "அக்கா, அரெஸ்ட்டுங்களா?" என்றான். "சாட்சிக்கு நீ வர்றியா?" என்றேன். பைக் போய்விட்டது.

பால் கறந்துகொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "ஆட்டுக்குப் பின்னால ஓடுனா அது முன்னால ஓடத்தானுங்க செய்யும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய எண்ணெய் டின்னில் மக்காச்சோளம் போட்டு, பட்டிக்குள்ளே நின்று தட்டினார். கிழட்டுப் பெட்டை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் பின்னால் மற்றதெல்லாம். அப்புறம் அந்த வேலை அண்ணனுக்கு ஆனது. முட்டியை மடக்காமல், நின்ற இடத்தில் நின்று தட்டினால் போதும். ஆட்டு விஷயத்தில் வாயே திறக்காதவர் இப்போது, "நான் தட்டுனாத்தான் வருது, வேற ஆரு தட்டுனாலும் வர்றதில்லை" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

பட்டி பழகின பிறகு ஒரு விடியற்காலையில் அக்காவிடமிருந்து போன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தால் அவர் குரல் இல்லை, நாய்ச் சத்தம். கம்பியை உரசுகிற சத்தம்.

"கேட்டுதுங்களா அம்மணி? போனை அங்க காட்டுனேன். சுத்திச் சுத்தி வருது, ஒண்ணும் ஆகலை."

"நீங்க உள்ள போய்ப் படுங்க அக்கா."

"படுத்துக்கறேன். சித்த நேரம் பாத்துட்டுப் படுத்துக்கறேன்." அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் நாள் முழுக்க வைத்துக்கொண்டு சுற்றினேன்.

ஆடு தப்பித்தது, சரி. மான்குட்டிக்கும் அந்த நாய்கள்தானே எமன். அதனால் நான் பைபாஸ் கறிக்கடைகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கழிவை ஓடையில் வீசாமல் குழியில் போட்டு மூடச் சொல்லி. ஒரு கடைக்காரர், "நாய்ங்க என்னையக் கண்டா வாலாட்டுது, உங்களைக் கண்டாத்தானுங்க கொரைக்குது. அப்பறம் ஆரு மேல தப்பு?" என்றார். அவரோடு பேசவே பல டீ குடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர்தான் முதலில் குழி வெட்டினார். மற்றவர்கள் பார்த்து வெட்டினார்கள். பஞ்சாயத்தில் சொல்லி வண்டியும் வர ஆரம்பித்தது. நாய்க்கூட்டம் மெல்லக் கலைந்தது. முழுசாக என்று சொல்ல மாட்டேன்.

மழைக்குப் பிறகு புல் நன்றாக ஏறியிருந்த நாட்களில், அந்த வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் போனால் நாற்காலி உண்டு, டீ உண்டு, முறுக்கு உண்டு. கொறங்காட்டுக்குள் போகலாம் என்று எழுந்தால் மட்டும் அக்கா ஏதாவது சொல்லுவார். உள்ளே சேறு என்பார். கடவில் முள் வெட்டிப் போட்டிருக்கிறேன் என்பார். இன்னொரு டீ குடியுங்கள் என்பார். ஆடுகளையும் தெற்குப் பாதியில் மட்டும் விட்டிருந்தார். "வடக்க புல்லு இன்னும் ஏறட்டும்னு" என்றார். அண்ணன் தென்னை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மேல் ஏதோ மனத்தாங்கலோ என்றுகூட நினைத்தேன். கறிக்கடைக்காரர்களில் ஒருவர் இவர்களுக்கு உறவு, அவர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்றெல்லாம் கணக்குப் போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் நான் டீயைக் குடித்து முடிக்கும் முன்பே அக்கா, "எந்திரிங்க அம்மணி, வாங்க" என்றார். அவரே முன்னால் நடந்தார். கடவில் முள்ளும் இல்லை, சேறும் இல்லை. வெள்வேல மரத்துக்குப் பின்னால் என்னை நிறுத்தி, தோளைப் பிடித்து வடக்கே திருப்பினார்.

ஒரு பெட்டை மேய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குப் பக்கத்தில், புல்லுக்கு மேலே காதும் முதுகும் மட்டும் தெரிய, குட்டி நின்றது. அம்மா ஓரடி நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, தானே திகைத்த மாதிரி நின்றது.

"மழை பேஞ்சுதுல்லீங்க, அந்த வாரமே போட்டுருச்சு" என்றார் அக்கா, காதோடு. "நான்தான் சொல்லலை. சொன்னா நீங்க போட்டோ எடுக்கறேன், அளக்கறேன்னு உள்ள வருவீங்க. உங்களோட இன்னும் நாலு பேரு வருவாங்க. குட்டி படுத்துக் கெடக்கறப்ப ஆளு நடந்தா தாய் கிட்ட வருதோ வரலையோன்னு எனக்கு பயம். இப்ப அதுவே எந்திரிச்சு ஓடுது. இனி நீங்க எழுதறதை எழுதிக்குங்க."

"எனக்கே பொறவுதானுங்க சொன்னா" என்றார் அண்ணன், பின்னாலிருந்து. "சாமி எனக்குக் குடுத்த காட்டுக்குள்ள என்னையே உடலை."

"நீங்க மோட்டார் ரூம்ல நின்னுட்டு போன் பண்ணிப்போடுவீங்க" என்றார் அக்கா.

மேலதிகாரிக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று செல்லை எடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். மூன்று பேரும் அந்த மரத்துக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றோம். இதைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த போதெல்லாம் அதை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதில் எனக்கு வருத்தம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

கிளம்பும்போது அக்கா கடவு வரைக்கும் வந்தார்.

"வண்டியை இங்க கெளப்பாதீங்க அம்மணி. அக்கட்டால தார் ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போயி கெளப்பிக்குங்க."

"செரிங்க அக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.